விலகிப் போகாமல் வேறுபட்டு நிற்பது எப்படி?

குடும்பத்தில் 'சொன்ன பேச்சைத் தட்டாதவர்' என்றும், அலுவலகத்தில் 'எதற்கும் ஒத்துப்போகிறவர்' என்றும் பெயர் வாங்கிய பலரிடம் ஒரு களைப்பைக் காண முடிகிறது. வேலை மிகுதியால் வரும் களைப்பு, தூங்கி எழுந்தால் தணிந்துவிடும். மனத்தில் இருப்பது ஒன்று, வாயில் வருவது வேறொன்று என்று ஆண்டுக்கணக்கில் வாழ்வதால் வரும் களைப்பு அப்படித் தணிவதில்லை. அது சிறுகச் சிறுகக் கசப்பாகிறது. ஒருநாள் சம்பந்தமே இல்லாத ஒரு சிறு விஷயத்தில் வெடிக்கிறது. அல்லது வெடிக்காமலே ஒருவர் வேலையை விட்டுவிடுகிறார், உறவினரின் அழைப்பை எடுக்காமல் இருந்துவிடுகிறார்.

விழுங்கிக்கொள்வது, வெட்டிக்கொண்டு போவது என்ற இந்த இரண்டு வழிகளைத் தவிர வேறு வழியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றாவது வழி ஒன்று உண்டு: உறவில் இருந்துகொண்டே, தன் நிலையைத் தெளிவாகச் சொல்லி, அதனால் எழும் சலசலப்பைத் தாங்கி, அங்கேயே நிற்பது. தனித்தன்மை, அடி வாங்கிய பிறகு மீண்டெழும் மீள்திறன், 'நம்மவர்' என்று ஏற்கப்படும் நிறைவு ஆகிய மூன்றும் தனித்தனியே வளர்க்க வேண்டிய பண்புகள் அல்ல என்பது என் உறுதியான எண்ணம். ஒருவர் தன் நிலையில் நின்றுகொண்டே உறவில் தொடரக் கற்றுக்கொள்ளும்போது இந்த மூன்றும் சேர்ந்தே வருகின்றன.

இதை முறையாக ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் முர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். 1950களில், நோயாளியை மட்டும் சேர்க்காமல் அவருடைய குடும்பத்தையும் ஆய்வு விடுதியில் தங்கவைத்து, அவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்பதை அவர் கவனித்தார். சுற்றியிருப்பவர்களின் பதற்றம் தன்னையும் இழுத்துச் செல்லாதபடி நிற்பதும், அதே நேரத்தில் அவர்களோடு நெருக்கமாக இருப்பதும் ஒரே மனிதருக்குச் சாத்தியம் என்பது அவருடைய கோட்பாட்டின் மையம். பேச்சுவார்த்தையை முற்றிலும் முறித்துக்கொண்டு தொலைவில் போய் வாழ்பவர், விடுதலை பெற்றவர்போல் தோன்றினாலும், அந்த உறவின் பிடியிலேயே இருக்கிறார் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். விட்டுவந்த வீட்டின் சண்டை, புதிய வீட்டிலும் புதிய அலுவலகத்திலும் வேறு முகங்களோடு தொடர்கிறது.

முதலில், எது உங்களுடையது என்று பிரித்துப் பாருங்கள்

தனித்தன்மை என்றவுடன் எல்லாவற்றுக்கும் மறுப்புச் சொல்லத் தொடங்குவது வீண். இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மனம் 'வேண்டாம்' என்றபோது வாய் 'சரி' என்று சொன்ன ஒவ்வொரு முறையும் மூன்று விவரங்களை எழுதுங்கள்: என்ன விஷயம், யாரிடம் சொன்னீர்கள், மறுத்திருந்தால் என்ன நடக்கும் என்று பயந்தீர்கள். மூன்றாவது விவரம்தான் மிக முக்கியமானது, அதை விட்டுவிட வேண்டாம். 'அம்மா வருத்தப்படுவார்', 'மேலாளர் என்னைச் சோம்பேறி என்று நினைப்பார்', 'அடுத்த முறை என்னைக் கூப்பிடமாட்டார்கள்' என்று எழுதி வைத்துப் பார்க்கும்போது, பல பயங்கள் ஒரே வேரிலிருந்து வருவது தெரியும்.

இரண்டு வாரம் முடிந்ததும் அந்தப் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். சில, உங்களுக்கு உண்மையில் பொருட்டே இல்லாத விருப்பங்கள். அவற்றில் விட்டுக்கொடுப்பதில் நஷ்டமில்லை. சில, அன்பினால் மனமுவந்து செய்த அனுசரிப்புகள், அவற்றையும் தொடலாகாது. மூன்றாவது வகைதான் நம் கவனத்துக்குரியது: செய்யச் செய்ய அந்த மனிதர்மீதே வெறுப்பை வளர்ப்பவை. வகை பிரிக்கத் தயக்கமாக இருந்தால், 'யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?' என்று கேட்டுப் பாருங்கள். 'இன்னும் ஐந்து ஆண்டுகள் இதையே செய்தால் இவரோடு சிரித்துப் பேச என்னால் முடியுமா?' என்ற கேள்வியும் உதவும்.

இரண்டாவது வகையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மனித ஊக்கத்தை ஆராய்ந்த எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகிய உளவியலாளர்கள், மனிதர் செழிக்கத் தேவையானவை என்று மூன்றைச் சொல்கிறார்கள்: தன் விருப்பத்தின்படி செயல்படுதல், திறமையை உணர்தல், பிறரோடு பிணைந்திருத்தல். இவர்கள் பார்வையில், தன் விருப்பத்தின்படி செயல்படுவதும் யாரையும் சாராமல் இருப்பதும் ஒன்றல்ல. முழு மனத்தோடு மற்றொருவருக்காக ஒன்றைச் செய்கிறவர் சுதந்திரமாகவே செயல்படுகிறார். வயதான பெற்றோருக்காக ஊர் மாறியவர், மனமார அதைச் செய்திருந்தால், அவர் தனித்தன்மையை இழந்தவர் அல்லர்.

சிறியதை எடுங்கள், ஆனால் உண்மையானதை எடுங்கள்

மூன்றாவது வகையில் உள்ளவற்றில் மிகப் பெரியதை முதலில் தொட வேண்டாம். பல ஆண்டுப் பழக்கத்தை ஒரே நாளில் மாற்ற முயன்றால் சண்டைதான் மிஞ்சும். 'பேசிப் பயனில்லை' என்ற முடிவுக்கு நீங்களே வந்துவிடுவீர்கள். விடுமுறை நாளிலும் அலுவலகக் குழுவில் வரும் செய்திகளுக்கு உடனே பதில் சொல்வது, உறவினர் கூடும் இடத்தில் உங்கள் சம்பளத்தைப் பற்றிய கேள்விக்கு விலாவாரியாகப் பதில் சொல்வது போன்ற ஒன்றிலிருந்து தொடங்கலாம். விளைவு சிறியதாக இருந்தாலும் மனத்துக்கு அது உறுத்தலாக இருந்திருக்க வேண்டும்; இல்லையேல் பயிற்சி பயிற்சியாகவே நின்றுவிடும்.

பேசும் முன்பு ஒரு துணையைத் தேடுங்கள்

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. ஓர் அறையில் சிலரை உட்காரவைத்து, ஒரு கோட்டைக் காட்டி, மற்ற மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்டார்கள். விடை குழந்தைக்கும் தெரியும். ஆனால் அறையில் ஒருவர் மட்டுமே உண்மையான பங்கேற்பாளர். மற்றவர்கள் ஏற்கெனவே சொல்லிவைத்தபடி ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். அந்த ஒருவர், ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை, தன் கண்ணெதிரே இருந்ததை விட்டுவிட்டு மற்றவர்கள் சொன்ன தவறான விடையையே சொன்னார். எப்போதும் தன் கண்ணையே நம்பியவர்கள் நான்கில் ஒருவர்தான்.

பலர் இந்த இடத்தோடு நிறுத்திவிட்டு, மனிதர்கள் ஆட்டுமந்தை என்று முடிவு கட்டுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த கட்டம். சொல்லிவைக்கப்பட்ட மற்றவர்களில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, கூட்டத்துக்கு இணங்கிச் சொன்ன தவறான விடைகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. அந்த ஒருவர் கூட்டத்தைவிடப் பெரிய தவறான விடையைச் சொன்னபோதும் பலன் இருந்தது. கூட்டம் ஒருமனதாக இல்லை என்று தெரிந்தாலே மனிதருக்குத் தைரியம் வந்துவிடுகிறது. விடையைக் குரலாகச் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோதும் இணங்கிப்போவது குறைந்தது.

ஆகவே அலுவலகத்தில் செய்ய வேண்டியவை இரண்டு. கூட்டத்துக்கு முந்தைய நாள், நம்பகமான சக ஊழியர் ஒருவரிடம், "நாளைக்கு இந்தத் தேதியைப் பற்றி நான் கேட்கப்போகிறேன், உங்களுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தால் அங்கே சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். அணி சேர்க்க வேண்டாம், அவரை வற்புறுத்தவும் வேண்டாம். இரண்டாவதாக, உங்கள் கருத்தைச் சுருக்கமாக எழுதி, கூட்டத்துக்கு முன்பே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். எழுதி அனுப்பியதைக் கூட்டத்தில் விழுங்கிவிட முடியாது.

வீட்டில் இதே முறையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக்கூடாது. அண்ணனிடம் பேச வேண்டியதை அண்ணியிடம் சொல்லி, மாமியாரைப் பற்றிய வருத்தத்தைக் கணவரிடம் மட்டுமே கொட்டி, சம்பந்தப்பட்டவரிடம் எதையும் சொல்லாமல் இருந்தால் அங்கே ஒரு முக்கோணம் உருவாகிறது. குடும்பப் பதற்றம் நீண்டகாலம் தீராமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இத்தகைய முக்கோணங்களே காரணம் என்றார் போவன். குடும்பத்தில் உங்களுக்கு வேண்டிய துணை, உங்கள் பக்கம் சேர்ந்து சண்டையிடுபவர் அல்லர். 'நீ நேரே அவரிடமே பேசு' என்று சொல்லி, பேசி முடித்து வந்தபின் உங்கள் அருகில் உட்காருபவர்.

சொல்லும் முறை

தன் நிலையைச் சொல்லும் வாக்கியம் 'நான்' என்று தொடங்கட்டும், குறிப்பிட்ட ஒரு விஷயத்தைச் சொல்லட்டும், எதிரில் இருப்பவரின் குணத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் முடியட்டும். அலுவலகக் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிவிட்ட ஒரு தேதியைப் பற்றி, "நீங்கள் எப்போதும் இப்படித்தான் அவசரப்படுத்துகிறீர்கள்" என்று சொன்னால் பேச்சு மேலாளரின் குணத்துக்குப் போய்விடும். "இந்தத் தேதிக்கு ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமாக இருக்கிறது. சோதனைக்கு நான்கு நாள் தேவை, அட்டவணையில் ஒரு நாள்தான் இருக்கிறது. தேதியை நகர்த்தலாம், அல்லது இரண்டு அம்சங்களை அடுத்த கட்டத்துக்குத் தள்ளலாம். எதுவானாலும் நான் கூடவே இருந்து முடித்துத் தருகிறேன்" என்று சொன்னால் பேச்சு அட்டவணையிலேயே நிற்கும். கடைசி வாக்கியத்தை மரியாதைக்காகச் சேர்த்ததாக எண்ண வேண்டாம். வேறுபடுகிறவர் பிரிந்துபோகப் போவதில்லை என்பதை மற்றவர்கள் காதால் கேட்க வேண்டும்.

வீட்டில் இது இன்னும் கடினம். அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப்போவது, மருந்து வாங்குவது, கோப்புகளைப் பார்ப்பது எல்லாம் ஆண்டுக்கணக்கில் தங்கையின் தலையிலேயே விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவள் ஒரு மாலையில் அண்ணனிடம் சொல்கிறாள்: "அண்ணா, மாதத்தில் இரண்டு வாரம் அப்பாவின் வேலைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். மற்ற இரண்டு வாரம் என்னால் முடியாது. அதை எப்படிச் செய்வது என்று இன்றைக்கே பேசிவிடலாம்." அண்ணன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இத்தனை நாள் உன்னால் முடிந்ததே, இப்போது மட்டும் என்ன வந்தது?" என்கிறார்.

இந்தக் கேள்விக்குக் காரணங்களை அடுக்கத் தொடங்குவதுதான் பெரும்பாலோர் சறுக்குமிடம். அலுவலக வேலை கூடிவிட்டது என்றால், 'எங்களுக்கெல்லாம் வேலை இல்லையா?' என்று வரும். உடம்பு முடியவில்லை என்றால், 'டாக்டரிடம் காட்டினாயா?' என்று வரும். ஒவ்வொரு காரணமும் ஒரு புதிய வாதத்துக்கு வழிவிடுகிறது. கடைசியில் பழைய ஏற்பாடே தொடர்கிறது. "முடிந்தது உண்மைதான் அண்ணா. இனி இரண்டு வாரம்தான் என்னால் முடியும்" என்ற பதில் போதும். குரல் உயராமல், கண்ணீரும் குத்தலும் இல்லாமல், தேவைப்பட்டால் அதே வாக்கியத்தை இரண்டாம் முறையும் சொல்லலாம். அதன் பிறகு எழுந்து போய்விடாமல் அங்கேயே உட்கார்ந்து, அவருடைய மகளின் தேர்வைப் பற்றி உண்மையான அக்கறையோடு விசாரிக்கலாம். மறுத்த பிறகும் உறவு மாறவில்லை என்பதைக் காட்டும் இந்தப் பகுதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எதிர்ப்பு வரும், அதற்குத் தயாராக இருங்கள்

குடும்பத்தில் ஒருவர் தன் நிலையை மாற்றும்போது மற்றவர்களிடமிருந்து வரும் எதிர்வினைக்கு ஒரு வரிசை இருப்பதைப் போவன் விவரித்திருக்கிறார். முதலில் 'நீ செய்வது தவறு' என்பார்கள். பிறகு 'பழையபடி மாறிவிடு' என்பார்கள். மாறாவிட்டால் 'இன்னது நடக்கும்' என்பார்கள். பேசாமல் இருப்பது, வேறொருவரிடம் சொல்லி அழுவது, 'நீ முன்பு போல் இல்லை' என்று ஏங்குவது எல்லாம் இந்த வரிசைக்குள் அடங்கும். இது பெரும்பாலும் தீய எண்ணத்தால் வருவதில்லை. பழகிய ஏற்பாடு குலையும்போது எல்லோருக்கும் பதற்றம் வருகிறது. எதிர்ப்பு அதன் வெளிப்பாடு. இதை முன்கூட்டியே அறிந்தவர், எதிர்ப்பு வந்தவுடன் 'தவறு செய்துவிட்டேனோ' என்று குழம்பமாட்டார்.

இன்ன சூழல் வந்தால் இன்னதைச் செய்வேன் என்று முன்பே வாக்கியமாக அமைத்துக்கொள்வது, வெறுமனே உறுதி எடுத்துக்கொள்வதைவிட அதிகப் பலன் தருகிறது என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டின. 'அண்ணன் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை நானே அழைத்து அப்பாவின் உடல்நிலையைச் சொல்வேன்' என்பது அத்தகைய வாக்கியம். 'மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் குரலை உயர்த்தினால், "கூட்டம் முடிந்ததும் உங்களிடம் தனியாகப் பேசலாமா?" என்று கேட்பேன்' என்பது மற்றொன்று. இவற்றை எழுதி, வாய்விட்டு இரண்டொரு முறை சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

அடி வாங்கிய பிறகு

மீள்திறன் என்பது சிலருக்கு மட்டும் வாய்த்த இரும்பு மனம் என்று பரவலாக நம்பப்படுகிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஹவாய்த் தீவுக் கூட்டத்தின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற உளவியலாளர்கள் இருவரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பிறப்புச் சிக்கல், குடும்பச் சச்சரவு என்று பல இடர்களை ஒருசேரச் சந்தித்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் அக்கறையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் கண்ட முக்கியமான பொது அம்சம், பெற்றோராகவோ பாட்டியாகவோ ஆசிரியராகவோ, நிலையான அன்பு காட்டிய ஒருவராவது அவர்கள் வாழ்வில் இருந்தார் என்பதே. இத்துறையின் மற்றொரு முன்னோடியான ஆன் மாஸ்டன், மீள்திறன் மிகச் சாதாரணமான வழிகளிலிருந்தே பிறக்கிறது என்று 2001இல் எழுதினார்.

இதிலிருந்து நடைமுறைக்கு வருவது என்னவென்றால், மன உறுதியை வளர்க்க விரும்புகிறவர் ஓர் உறவைப் பேணத் தொடங்க வேண்டும். நிலைமை நன்றாக இருக்கும்போதே, வாரம் ஒருமுறையாவது பேசும் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவர் அறிவுரை சொல்லாமல் கேட்கத் தெரிந்தவராக இருந்தால் மிக நல்லது.

அவர் கைக்கெட்டாத இரவுகளில் எழுதுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மனத்தைப் புண்படுத்திய நிகழ்வைப் பற்றி, நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து, நான்கு நாள் தொடர்ந்து தினமும் 15 நிமிடம் எழுதிய மாணவர்கள், அடுத்த சில மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே போனார்கள். எழுதிய அன்று மனம் இன்னும் கனத்தது என்பதையும் அந்த ஆய்வு பதிவு செய்தது. அதனால் முதல் நாளிலேயே விட்டுவிட வேண்டாம். எழுதியதை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

எங்கே இந்த வழி பொருந்தாது

அடி, மிரட்டல், பணத்தையோ குழந்தைகளையோ பிடித்துவைத்துக்கொண்டு ஆட்டிப்படைத்தல், உண்மையைச் சொன்னதற்காக வேலையிலிருந்து ஒழித்துக்கட்டுதல் ஆகியவை நடக்கும் இடத்தில் மேலே சொன்ன எதுவும் முதல் வேலை அல்ல. அங்கே பாதுகாப்பே முதல் வேலை. நடந்ததைத் தேதியோடு குறித்து வையுங்கள், நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள், சட்ட உதவியும் மருத்துவ உதவியும் தேடுங்கள், வெளியேற வழி இருந்தால் வெளியேறுங்கள். அங்கிருந்து விலகுவதை உறவைக் காக்கத் தெரியாத குறையாக யாரும் சொல்ல இடம் தராதீர்கள். பொறுமை காட்டியிருந்தால் சரியாகியிருக்கும் என்று பிறகு சொல்லவருகிறவர்களுக்கு நீங்கள் விளக்கம் தரக் கடமைப்பட்டவர் அல்லர்.

மற்றவர்களின் தனித்தன்மைக்கு இடம்விடுதல்

தன் மறுப்பைத் தன்மானமாகவும் பிறர் மறுப்பைப் பிடிவாதமாகவும் காணும் பழக்கம் நம் எல்லோரிடமும் உண்டு. குழுவை நடத்துபவராகவோ வீட்டில் மூத்தவராகவோ இருந்தால், உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். அனுபவம் குறைந்தவரை முதலில் பேசவிடுங்கள். மாற்றுக் கருத்து வந்தால், அதை மறுப்பதற்கு முன் ஒரு கேள்வியாவது கேளுங்கள். மகன் நீங்கள் எதிர்பாராத ஒரு படிப்பைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லும்போது, "அதில் உனக்குப் பிடித்தது எது?" என்ற கேள்வி முதலில் வந்தால், உங்கள் கவலையை அதன் பிறகு சொன்னாலும் அவன் காதுகொடுத்துக் கேட்பான். ஏமி எட்மண்ட்சன் என்ற மேலாண்மை ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில் பதிவான தவறுகள் அதிகமாக இருந்ததைக் கண்டார். அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதைவிட, செய்ததைப் பயமின்றிச் சொல்ல முடிந்தது என்பதே பொருத்தமான விளக்கமாக இருந்தது. மாற்றுக் கருத்தைத் தாங்கும் வீட்டிலும் இப்படித்தான். வெளியிலிருந்து பார்க்கும்போது சற்றுச் சத்தமாகத் தெரியலாம்.

புதிதாக வந்தவர்மீது தனிக் கவனம் வேண்டும். வேலையில் புதிதாகச் சேர்ந்தவரும், திருமணமாகி வேறொரு வீட்டுக்கு வந்தவரும் ஒவ்வொரு சிறு புறக்கணிப்பையும் 'இது என் இடம் அல்ல' என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி முதலாண்டு மாணவர்களிடம், 'இந்த இடம் நமக்கானதா' என்ற சந்தேகம் தொடக்கத்தில் எல்லோருக்கும் வரும், காலப்போக்கில் குறையும் என்பதை மூத்த மாணவர்களின் அனுபவங்கள் வழியாக எடுத்துச் சொன்னார்கள். ஒரு மணி நேரமே பிடித்த அந்தப் பயிற்சிக்குப் பிறகு, பங்கேற்ற கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தன. வெள்ளை இன மாணவர்களோடு இருந்த இடைவெளி ஏறத்தாழப் பாதியானது.

இதைச் செய்யப் பதவியோ வயதோ தேவையில்லை. புதியவர் வந்த முதல் வாரத்திலேயே அவர் அருகில் உட்கார்ந்து, நீங்கள் வந்த புதிதில் யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் திணறியதையும், அது எப்போது, யாரால் மாறியது என்பதையும் சொல்லுங்கள். பிறகு, இந்த இடத்தில் அவருக்குப் புரியாத, பிடிக்காத ஒன்று இருக்கிறதா என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருங்கள்.